இழைப்புளியின் வயது

சென்ற ஆண்டு ஆயுத பூசையை ஒட்டி நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற பழம்பொருட்காட்சிக்கு வந்திருந்த அன்பர்கள், வாயிலுக்கு வலப்புறம் வைக்கப்பட்டிருந்த தச்சுக் கருவிப் பெட்டி ஒன்றை மறந்திருக்க மாட்டார்கள். பெட்டியின் நடுவே, சிவப்புப் பட்டுத்துணியின்மேல், ஓர் இரும்பு இழைப்புளி வீற்றிருந்தது. அதன் முன்னே ஓர் அட்டை: "1908-ஆம் ஆண்டில், நாகப்பட்டினம் ரயில் பட்டறையில், ஆங்கிலத் துரை ஒருவர் எங்கள் பாட்டனாருக்குப் பரிசாக அளித்தது."

அந்த அட்டையை எழுதி வைத்தவர்கள் அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள் இருவர். அதில் கண்ட செய்தி உண்மையன்று. வேண்டுமென்றே பொய் எழுதினோம் அல்லோம். நாங்கள் கேட்டு வளர்ந்ததையே எழுதினோம். ஆயினும், அதை வாசித்து எங்கள் கைகளைப் பற்றிப் பாராட்டிச் சென்ற உங்களுக்கு உண்மையைச் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. அக்கடமையைத் தீர்க்கவே இதனை எழுதுகிறோம்.

எங்கள் பாட்டனார் நாகப்பட்டினத்தில் தென்னிந்திய ரயில்வேயின் பட்டறையில் வண்டிப் பெட்டிகள் செய்யும் தச்சராக இருந்தவர். 1928-இல் அந்தப் பட்டறை திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது அவரும் குடும்பத்துடன் அங்கே குடிபெயர்ந்தார். எங்கள் தந்தையார் 1946-இல் மனைவியோடும், மூன்று வயதுப் பெண் குழந்தையோடும், தோளில் சுமந்த இந்தப் பெட்டியோடும் பம்பாய் வந்து இறங்கினார். ஒரு மரச்சாமான் கடையில் நாற்காலியும் மேசையும் செய்து எங்களை ஆளாக்கினார்.

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று பெட்டி திறக்கப்படும். உளி, வாய்ச்சி, ரம்பம், கொட்டாப்புளி ஆகிய எல்லாம் எண்ணெய் பூசித் துடைக்கப்பெற்றுச் சந்தனமும் குங்குமமும் பெறும். இரும்பு இழைப்புளிக்கு மட்டும் தனியே ஒரு முழம் மல்லிகை. "இது துரை கொடுத்தது, உங்கள் தாத்தாவின் கைத்திறத்துக்குக் கிடைத்த பரிசு" என்று தந்தையார் சொல்லுவார். நாங்கள் குடியிருந்த சாலில் மராத்தியரும் குஜராத்தியரும் பலர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டி நாங்கள் அடைந்த பெருமைக்கு அளவில்லை. ஊரில் நிலம் வைத்திருப்பவனுக்குப் பட்டா உண்டு; வீடு வைத்திருப்பவனுக்குப் பத்திரம் உண்டு. ஊரை விட்டு வந்தவனுக்கு, தான் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல, இத்தகைய ஒரு பொருள்தானே பத்திரம்!

காட்சி நடந்த மூன்று நாளும் பெரியவர் ஒருவர் அந்த மேசையருகே வந்து வந்து நின்றார். பரேல் ரயில் பட்டறையில் வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் தச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுள் ஒருவர். இழைப்புளியைக் கையில் எடுத்துப் பார்ப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவார். காட்சி முடிந்த அடுத்த ஞாயிறு அவரே எங்கள் இல்லம் தேடி வந்தார்.

"தம்பி, கூட்டத்தில் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் அட்டையில் ஆண்டு தவறு. பெட்டியைத் திறவுங்கள், காட்டுகிறேன்" என்றார்.

அன்று பிற்பகல் முழுவதும் அவரிடம் நாங்கள் பாடம் கேட்டோம். நம் வீடுகள் பலவற்றிலும் இத்தகைய பெட்டிகள் பரண்மேல் உறங்குகின்றன ஆதலின், அந்தப் பாடத்தை உங்களுக்கும் சொல்லுகிறோம்.

முதலில் அவர் இரும்பு இழைப்புளியைப் பகுதி பகுதியாகக் கழற்றித் தாள்மேல் வரிசையாக வைத்தார். அதில் ஸ்டான்லி என்னும் பெயர் இருந்தது. அதன் உடலில், வார்ப்பிலேயே, 'மேட் இன் இங்கிலாந்து' என்னும் எழுத்துகள் இருந்தன. அதைக் கண்டுதான் துரை கதைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று நாங்கள் இறுமாந்திருந்தோம். பெரியவர் சிரித்தார்.

"ஸ்டான்லி அமெரிக்கக் கம்பெனி, தம்பி. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்று ஓர் ஊர். அங்கேதான் அவர்களுடைய தொழிற்சாலை. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்துக் கம்பெனி ஒன்றை அவர்கள் வாங்கி, அங்கே இழைப்புளி செய்யத் தொடங்கியது 1936, 37-ஆம் ஆண்டுகளில். அப்படியிருக்க, இங்கிலாந்தில் செய்த ஸ்டான்லி இழைப்புளியை 1908-இல் எந்தத் துரை கொடுத்திருக்க முடியும்?"

அடுத்து, அலகை அழுத்திப் பிடிக்கும் மேல்தகட்டைக் காட்டினார். திருகின்மேல் மாட்டுவதற்காக அதில் ஒரு துளை உண்டு. பழைய ஸ்டான்லி இழைப்புளிகளில் அது சாவித் துளை போல இருக்கும். 1933 முதல் அது அவரை விதை போல ஒரு பக்கம் வளைந்த வடிவம் பெற்றது. எங்களுடையது அவரை விதை. "மேல்தகட்டை மட்டும் ஒருவர் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம், ஆகையால் அது ஒன்றையே நம்பிவிடக் கூடாது. கழற்றக்கூடிய உறுப்பு அரைச் சாட்சி. வார்ப்பில் உள்ள எழுத்து முழுச் சாட்சி. இங்கே இரண்டும் ஒன்றையே சொல்லுகின்றன" என்று அவர் விளக்கினார்.

காட்சியில் மற்றோர் அன்பரும் ஓர் இரும்பு இழைப்புளி வைத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். 'பிரிட்டன் நாட்டது, 1910' என்று அவர் அட்டை சொல்லிற்று. அந்த அன்பரின் இசைவு பெற்று அதையும் இங்கே குறிப்பிடுகிறோம். அவர் கண்ட 'பிரிட்டன்' உண்மையில் மேற்சொன்ன நியூ பிரிட்டன் என்னும் அமெரிக்க ஊரே. அவர் கண்ட 1910 ஏப்ரல் 19 என்னும் தேதி, அந்த இழைப்புளி செய்யப்பட்ட நாளன்று. அதில் உள்ள ஓர் அமைப்புக்கு உரிமைப் பதிவு கிடைத்த நாள். அத்தேதியைத் தாங்கிய இழைப்புளிகள் 1920-களிலும் வார்க்கப்பட்டன. உரிமைப் பதிவின் தேதி, 'இந்நாளுக்கு முன் இது பிறந்திருக்க முடியாது' என்பதை மட்டுமே சொல்லும். 'இந்நாளில் பிறந்தது' என்று ஒருநாளும் சொல்லாது.

இவ்விடத்தில் பெரியவர் சொன்ன ஒரு விதியை நாங்கள் எழுதி வைத்துக்கொண்டோம். ஒரு கருவியில் பல காலத்து அடையாளங்கள் இருக்கும். அவற்றுள் மிகப் பழையதைப் பிடித்துக்கொண்டு மகிழ்வது நம் இயல்பு. ஆனால், அதன் வயதைச் சொல்லுவது அதன் உடலில் உள்ள மிகப் பிந்திய அடையாளமே. நாட்டுப் பெயர் பொறித்தலும் அப்படிப்பட்ட ஓர் அடையாளம். இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் இயற்றிய பின்னரே, ஏற்றுமதிச் சரக்குகளில் நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பரவலாயிற்று. நட்சத்திரத் தலைத் திருகு என்று நாம் சொல்லும், குறுக்கும் நெடுக்குமாக வெட்டுள்ள திருகு 1930-களில் வந்தது. அத்தகைய திருகால் முதன்முதலிலேயே பூட்டப்பெற்ற ஒரு கருவியை 'விக்டோரியா ராணி காலத்தது' என்று ஒருவர் விலை கூறினால், நாம் சிரித்துவிட்டு நடக்கலாம்.

அடுத்து ரம்பம். அதன் இரும்பில் 'காஸ்ட் ஸ்டீல்' என்னும் சொற்கள் மங்கலாகத் தெரிந்தன. வார்ப்பிரும்பு என்று நாங்கள் பொருள் செய்திருந்தோம். அன்று; அது மூசையில் உருக்கி எடுத்த எஃகு. ஷெபீல்டுக்கு அருகே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1740-களில் களிமண் மூசையில் எஃகை உருக்கும் முறையைக் கண்டார். அதன் பின்னரே இச்சொற்கள் கருவிகளில் ஏறின. இங்கே நாம் பெருமிதம் கொள்ளவும் இடம் உண்டு. நொய்யலாற்றங்கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், நம் முன்னோர் சங்க காலத்திலேயே மூசையில் எஃகு செய்தனர் என்பதற்குச் சான்று தந்துள்ளன. சென்னை மாகாணத்தில் கும்பினி அதிகாரியாக இருந்து, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர்தாம், 1839-இல், மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் உரிமைப் பதிவு பெற்றார். ஷெபீல்டு எஃகின் வரலாற்றில் பரங்கிப்பேட்டை வழியாகவும் ஓர் இழை ஓடுகின்றது.

ஆனால் எங்கள் ரம்பத்தின் வயதைக் குறுக்கிக் கொடுத்தது அந்த எஃகு அன்று; கைப்பிடியின் அடியில் குத்தியிருந்த மூன்று எழுத்துகளே. எஸ். ஐ. ஆர். என்றால் தென்னிந்திய ரயில்வே. அப்பெயரில் கம்பெனி உருவானது 1874-இல். அது தெற்கு ரயில்வேயுடன் இணைந்தது 1951 ஏப்ரல் 14-இல். ஆகவே அந்த முத்திரை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பாட்டனார் பட்டறையில் இருந்த காலம் இதனுள் அடங்குகின்றது. தந்தையாரோ ரயில்வேயில் ஒருநாளும் வேலை பார்த்தவர் அல்லர். ரம்பம் பாட்டனாருடையது என்பதில் ஐயம் நீங்கிற்று.

பெட்டியின் அடியில், கந்தல் துணிகளுக்குக் கீழே, ஒரு பழைய மர இழைப்புளி கிடந்தது. காட்சியில் அதை வைக்கவும் நாங்கள் நாணினோம். கறுத்து, விளிம்பு தேய்ந்து, பெயர் எதுவும் இல்லாத கட்டை. பெரியவர் அதைத்தான் நெடுநேரம் கையில் வைத்திருந்தார். "இங்கிலாந்து இழைப்புளி பீச் என்னும் வெளிறிய மரத்தால் ஆனது, முன்முகத்தில் செய்தவர் பெயரை ஆழமாகக் குத்தியிருப்பார்கள். இது நம்மூர்ப் புளிய மரத்தின் வைரம். கம்பெனிப் பெயர் இல்லை. கத்தியால் செதுக்கிய 'கோ' என்னும் எழுத்து மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது. செய்தவர் முத்திரை ஓரிடத்தில் இருக்கும், உடையவர் முத்திரைதான் களவுக்கு அஞ்சிப் பல இடத்தில் இருக்கும்" என்றார். பாட்டனாரின் பெயர் கோவிந்தன்.

பின்னர் அதன் அலகை ஈரக் கல்லில் இரண்டு முறை தேய்த்துக் காட்டினார். சரிவில் மெல்லியதொரு கோடு தோன்றியது. கோட்டுக்கு ஒரு பக்கம் மங்கல். மறு பக்கம் பளபளப்பு. எஃகு அரிதாக இருந்த காலத்தில், மெல்லிரும்பின்மேல் வெட்டும் முனைக்கு மட்டும் மெல்லிய எஃகுத் தகட்டைக் காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டின் கோடே அது. கொல்லன் உலையில் பிறந்த அலகு என்பதற்கு அதுவே கையொப்பம். இரும்பு இழைப்புளியின் அலகிலோ அக்கோடு இல்லை.

"இன்னும் ஒன்று பாருங்கள். வலக்கையர் இழைக்கும்போது முன்னே பிடிப்பது இடக்கை. பெருவிரல் கட்டையின் இடப்பக்கத்தில் பதியும். இதில் விரல் பதிந்த குழி வலப்பக்கம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யார் இடக்கையர்?"

தந்தையார் வலக்கையர். பாட்டனாரை நாங்கள் கண்டதில்லை. நாங்கள் பிறக்குமுன்பே அவர் காலமானார். பெரியவர் விடைபெற்றுச் சென்றார்.

அவர் சென்றபின் எங்கள் இல்லத்தில் நடந்ததையும் மறைக்க விரும்பவில்லை. எங்களுள் இளையவருக்குச் சினம் பொங்கிற்று. "அப்படியானால் அப்பா பொய்யரா? ஐம்பது ஆண்டு பூவைத்துக் கும்பிட்டது ஒரு பொய்யையா? அட்டை இருந்தபடியே இருக்கட்டும். யாருக்கு இதனால் என்ன நட்டம்?" என்றார். மூத்தவர், "தவறு என்று தெரிந்தபின் அதே அட்டையை எப்படி வைப்பது?" என்றார். நான்கு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் இருவரும் ஒன்றாக அமர்ந்து, திருச்சியில் இருக்கும் எங்கள் அக்காளுக்குத் தொலைபேசியில் பேசினோம். தந்தையாரின் தோளருகே பம்பாய் வந்து இறங்கிய அந்த மூன்று வயதுக் குழந்தை அவர்தாம். இன்று எண்பதைக் கடந்தவர்.

நாங்கள் கண்டது எதையும் சொல்லவில்லை. "அக்கா, தாத்தா எந்தக் கையால் வேலை செய்வார்?" என்று மட்டும் கேட்டோம்.

"நான் எங்கே பார்த்தேன்! பீச்சாங்கையர் என்று அம்மா சொல்லுவாள். பட்டறையில் அவருக்கென்று மேசையைத் திருப்பிப் போட்டிருந்தார்களாம்."

"அப்பா அந்த இரும்பு இழைப்புளியை எப்போது வாங்கினார்?"

நெடுநேரம் மறுமொழி இல்லை. பிறகு, "யாரடா சொன்னார்கள் உங்களுக்கு?" என்றார்.

"இழைப்புளியே சொல்லிற்று, அக்கா."

அக்காள் சொன்னது இது. அப்போது அவருக்கு எட்டு வயது, 1951-ஆம் ஆண்டு. எங்களுள் ஒருவர் தூளியில். மற்றவர் அக்காளின் இடுப்பில். கடையில் மெருகு வேலை செய்பவர்களுக்குக் கூலி கூட. ஆனால் இரும்பு இழைப்புளி சொந்தமாக வைத்திருப்பவருக்கே அந்த வேலை. முறுக்கு இழையுள்ள மரத்தில் பாட்டனாரின் பழைய கட்டை பிசிறு எடுத்தது. எங்கள் தாயார் தம் ஏழு கல் கெம்புத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். அது அடகுக்குப் போயிற்று, மீண்டு வரவில்லை.

அந்த ஆண்டு பூசைக்குக் கும்பகோணத்திலிருந்து எங்கள் மாமா வந்திருந்தார். தங்கையின் காதைப் பார்த்தார். பிறகு பூசையில் பளபளத்த புதிய இழைப்புளியைப் பார்த்தார். "இது ஏது மாப்பிள்ளை?" என்று கேட்டார். தந்தையார் தலைகுனிந்து நின்றார். அப்போது தாயார்தாம், குங்குமக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "மாமனாருக்குத் துரை கொடுத்தது, அண்ணா. அவர் பெட்டியில் இருந்தது. தோடு காதை இழுக்கிறது என்று ஊரிலேயே வைத்துவிட்டேன்" என்றாராம்.

துரை அன்றுதான் பிறந்தார். 1908-உம் பிறகு ஏதோ ஓர் ஆண்டு பூசையில் சேர்ந்துகொண்டது. தந்தையார் அந்தக் கதையைத் தாமாகக் கட்டவில்லை. மனைவி தமக்கு அளித்த காப்பைக் கடைசி மட்டும் கழற்றாமல் அணிந்திருந்தார். ஆண்டுதோறும் அந்த இழைப்புளிக்கு மட்டும் தனியே மல்லிகை ஏன் என்பதும் எங்களுக்கு அன்றுதான் விளங்கிற்று. தாயார் இறக்கும்வரை பித்தளைத் தோடுதான் அணிந்திருந்தார். 'கனமான தோடு காதை இழுக்கும்' என்று அவர் சொன்னதை நாங்களும் நம்பி வளர்ந்தோம்.

ஆகவே இவ்வாண்டு ஆயுத பூசைக்கு எங்கள் மேசையில் மூன்று அட்டைகள் இருக்கும். முதலாவது: "மர இழைப்புளி. புளிய மரம், கொல்லன் அடித்த அலகு. நாகப்பட்டினத்திலும் பொன்மலையிலும் தச்சராக இருந்த எங்கள் பாட்டனார் பயன்படுத்தியது." இரண்டாவது: "ரம்பம். மூசை எஃகு. தென்னிந்திய ரயில்வே முத்திரை, 1874-க்கும் 1951-க்கும் இடைப்பட்டது." மூன்றாவது: "இரும்பு இழைப்புளி. இங்கிலாந்தில் செய்யப்பட்டது. 1951-இல் எங்கள் தந்தையார் பம்பாயில் வாங்கியது. விலை: எங்கள் தாயாரின் ஏழு கல் தோடு." இம்மூன்றாவது அட்டையை எழுதியவர் எங்களுள் இளையவரே.

அன்பர்களே, உங்கள் இல்லத்துப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க முற்படாதீர்கள். துருவோடு எழுத்தும் போய்விடும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாலே போதும். எழுத்து மங்கலாயின், மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெளிவுறும். பெயர், ஊர், திருகு, மரம், அலகின் ஓரத்துக் கோடு, கை பட்டுத் தேய்ந்த இடம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுள் பிந்தியதே வயதைச் சொல்லும் என்பதை மறவாதீர்கள். அதன்பின் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்; ஆனால் நீங்கள் கண்டதை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள்.

கருவி, தான் எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்பதைச் சொல்லும். நம் வீட்டுக்கு அது ஏன் வந்தது என்பதை மனிதர்கள்தாம் சொல்லமுடியும். எங்களுக்கு அக்காள் ஒருவர் எஞ்சியிருந்தார். உங்கள் இல்லத்திலும் அப்படி ஒருவர் இருப்பாராயின், அடுத்த பூசை வரையில் காத்திராமல் இன்றே கேட்டுவிடுங்கள்.